முதலில் கேட்கக் கற்றுக்கொடுப்போம்

ஆட்டிசம் உள்ள குழந்தையை முதன்முறையாக என்னிடம் அழைத்து வரும் பெற்றோரிடம், இவனுக்கு முதலில் எது வர வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலோர் “ஒரு இடத்துல உட்காரணும் டீச்சர், அது போதும்” என்றுதான் சொல்கிறார்கள். அந்த விடையின் நியாயம் எனக்குப் புரிகிறது. பேருந்திலும் கல்யாண வீட்டிலும் ரேஷன் கடை வரிசையிலும் ஓடிக்கொண்டே இருக்கும் பிள்ளையைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்தவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? ஆனால், தென்காசி மாவட்டத்தில் வட்டார வள மையம் ஒன்றின் சிறப்பாசிரியராக, பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்குச் சென்று பாடம் நடத்திவரும் இத்தனை ஆண்டுகளில், உட்கார வைப்பதில் தொடங்கிய பயிற்சியைவிடக் கேட்க வைப்பதில் தொடங்கிய பயிற்சியே நிலைத்து நின்றிருக்கிறது என்பது என் அனுபவம். வேண்டும், வேண்டாம், போதும், உதவி செய் ஆகிய நான்கையும் ஏதோ ஒரு வழியில் சொல்லத் தெரிந்த குழந்தைக்கு, நம் அருகில் உட்கார ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. பேச்சு வராத குழந்தைக்கும் இது பொருந்தும். சொல்லப்போனால், அந்தக் குழந்தைக்குத்தான் இது மிகவும் பொருந்தும்.

நடத்தைவழிக் கற்பித்தல் என்று நாங்கள் அழைக்கும் முறையின் அடிப்படை எளிமையானது. ஒரு குழந்தை ஒன்றைச் செய்கிறது என்றால், அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, செய்த உடனே அதற்கு என்ன கிடைத்தது என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். கிடைப்பது பிடித்ததாக இருந்தால் அந்தச் செயல் வளரும்; எதுவும் கிடைக்காவிட்டால் நாளடைவில் தேயும். அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் பேர், மான்ட்ரோஸ் வுல்ஃப், டாட் ரிஸ்லி ஆகிய மூவர் 1968-இல் இத்துறையின் இலக்கணத்தை ஒரு கட்டுரையில் வகுத்தபோது, எடுத்துக்கொள்ளும் நடத்தை அந்த மனிதரின் வாழ்க்கைக்கு உண்மையில் தேவையானதாக இருக்க வேண்டும் என்பதையும், மாற்றத்தை அளந்து காட்ட வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார்கள். பிற்காலத்தில் இந்த முறையைப் பற்றி எழுந்த சண்டைகளில் பாதி, முதல் நிபந்தனையைப் பலரும் மறந்துவிட்டதால் வந்தவை என்பது என் கருத்து.

எங்கள் பகுதியில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிறார்கள். நான் சொல்லப்போகும் சிறுவனின் தாயும் பீடி சுற்றுபவர். தந்தைக்குக் கேரளத்தில் கட்டட வேலை. வீட்டில் பாட்டியும் உண்டு. பையனுக்கு அப்போது ஏழு வயது, பேச்சு இல்லை. புறங்கையைத் தோல் தடித்துப்போகும் அளவுக்குக் கடிப்பான். சில வேளைகளில் பீடித் தட்டைக் கவிழ்த்துவிடுவான். “இவன் வேணும்னே பண்ணுதான் டீச்சர். நான் தட்டை மடியில வச்சா போதும், கையைக் கடிச்சிருதான்” என்றார் தாய். பாட்டியோ கண்ணேறு பட்டிருக்கிறது என்று சொல்லித் திருநீறு மந்திரிக்க அழைத்துப் போய்வந்தார். அதற்கு நான் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பேருந்துப் பயணம் முழுவதும் பையன் பாட்டியின் மடியில் அமைதியாக இருந்தான் என்ற தகவல் எங்களுக்குப் பயன்பட்டது, குறிப்பேட்டில் அதையும் எழுதிக்கொண்டோம்.

அந்தக் குறிப்பேடு தனியாக வாங்கியது அன்று. தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டு, எப்போது, அதற்கு முன் என்ன, அதற்குப் பின் என்ன என்று தாயும் பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணும் எழுதி வைத்தார்கள். தாள்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, கடிப்பது நாள் முழுக்கப் பரவியிருக்கவில்லை என்பது தெரிந்தது. காலையில் தாய் தட்டை மடியில் வைத்து, பீடிக்கடையில் ஒப்படைக்க வேண்டிய கணக்கில் கண்ணாக இருக்கும் நேரம் ஒன்று; மாலையில் அந்தக் கல்லூரிப் பெண் சிலேட்டை நீட்டி எழுத வைக்கும் நேரம் மற்றொன்று. காலையில் கடித்தால் தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருகிறார். மாலையில் கடித்தால் சிலேட்டு விலகிவிடுகிறது. ஒரே கடி, இரண்டு வேலைகளைச் செய்து கொடுத்திருக்கிறது. முதல் கடியின் பொருள் “என்னைப் பார்”. இரண்டாவதன் பொருள் “இது என்னால் முடியவில்லை, நிறுத்து”. வேண்டுமென்றே செய்கிறான் என்று தாய் சொன்னதில் ஒரு பாதி உண்மைதான்: அவனுக்கு ஒன்று வேண்டியிருந்தது, அதைப் பெற இந்த ஒரு வழிதான் அவனிடம் இருந்தது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்க உளவியலாளர்களான எட்வர்ட் கார், மார்க் டியுராண்ட் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, வளர்ச்சிக் குறைபாடுள்ள நான்கு குழந்தைகளைப் பற்றியது. பாடம் கடினமாகும்போது சிலரிடமும், ஆசிரியரின் கவனம் குறையும்போது சிலரிடமும் முரட்டு நடத்தை கூடுவதை முதலில் உறுதி செய்துகொண்டார்கள். பிறகு, பாடம் கடினமாக இருப்பதால் தவிக்கும் குழந்தைக்கு “எனக்குப் புரியவில்லை” என்ற பொருளிலும், கவனத்திற்காக ஏங்கும் குழந்தைக்கு “நான் நன்றாகச் செய்கிறேனா?” என்ற பொருளிலும் ஒரு வாக்கியம் கற்றுக்கொடுத்தார்கள். காரணத்திற்குப் பொருந்திய வாக்கியத்தைக் கற்றபோது முரட்டு நடத்தை குறைந்தது. பொருந்தாத வாக்கியத்தால் குறையவில்லை. கடிப்பதற்கு எதிராக எதையும் செய்யாமல், கடி செய்துவந்த வேலையைச் செய்ய வேறொரு வழியைக் கையில் கொடுத்தார்கள் என்பதே இதன் சாரம். கவனத்திற்காகக் கடிக்கும் குழந்தையையும் தப்பிப்பதற்காகக் கடிக்கும் குழந்தையையும் ஒரே மாதிரி நடத்தினால், ஒன்று தேறலாம், மற்றொன்று மோசமாகலாம். தப்பிக்க நினைக்கும் குழந்தையை “தனியாக மூலையில் நில்” என்று அனுப்பினால், அது கேட்டதையே கொடுத்தவர்களாகிவிடுகிறோம்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்கிய கடியோ தலைமுட்டலோ அழுகையோ இருந்தால், குறிப்பேட்டுக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டும். சொல்லத் தெரியாத குழந்தைக்குப் பல்வலியும் காதுவலியும் மலச்சிக்கலும் தலைமுட்டலாகவே வெளிப்படலாம். குறிப்பேட்டில் எந்த ஒழுங்கும் தெரியாமல், நள்ளிரவிலும் விளையாட்டின் நடுவிலும் ஒரே மாதிரி நடந்தால், எனக்கு முதலில் வரும் சந்தேகம் வலிதான். வலிப்பு நோயும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதால், வெறித்துப் பார்ப்பதையும் திடீரென்று உடல் விறைப்பதையும் அடம் என்று எண்ணிவிடக் கூடாது.

அந்தச் சிறுவனுக்குப் பட அட்டை வழியாகக் கேட்கக் கற்றுக்கொடுத்தோம். 1985-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் ஆண்டி போன்டி, லோரி ஃப்ராஸ்ட் ஆகிய இருவர் வகுத்த பட மாற்று முறையின் முதல் படியை அப்படியே எடுத்துக்கொண்டோம். அதன் நுணுக்கம் இரண்டு பெரியவர்கள் தேவை என்பதில் இருக்கிறது. எதிரில் தாய் ஒரு முறுக்குத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பார். இருவருக்கும் இடையில் முறுக்குப் படம் ஒட்டிய காலண்டர் அட்டை. பையன் முறுக்கை நோக்கிக் கையை நீட்டியதும், பின்னால் உட்கார்ந்திருக்கும் பாட்டி அந்தக் கையை அட்டையின் பக்கம் திருப்பி, அதை எடுத்துத் தாயின் உள்ளங்கையில் வைக்க உதவுவார். வைத்த நொடியில் தாய் “முறுக்கு” என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். பாட்டியின் உதவி முடிவிலிருந்து குறைந்துகொண்டே வரும்: முதலில் உள்ளங்கையில் விடுவதை அவனே செய்வான், பிறகு கொண்டு போவதை, கடைசியில் எடுப்பதை.

தாய் ஏன் வாய் திறக்கக் கூடாது என்று பலரும் கேட்கிறார்கள். “என்ன வேணும்? என்ன வேணும்?” என்று நாம் கேட்டுக் கேட்டுக் கொடுத்துப் பழக்கினால், யாராவது கேட்கும்வரை காத்திருக்கும் பிள்ளையாக அவன் வளர்வான். நமக்கு வேண்டியது, நாம் அடுப்படியில் இருந்தாலும் நம்மைத் தேடி வந்து கேட்கும் பிள்ளை. ஆகவே பின்னால் இருப்பவரும் பேசக் கூடாது. எங்கள் பாட்டிக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது. “குடுல ராசா, குடு” என்று சொல்லாமல் ஒரு பேரனுக்கு உதவுவது எந்தப் பாட்டியாலும் எளிதில் முடிகிற காரியமா? புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்காரும் உபாயத்தை அவரே கண்டுபிடித்தார்.

அட்டையைப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற அச்சம் அநேகமாக எல்லா வீடுகளிலும் இருக்கிறது. ஆய்வுகள் இதற்கு எதிராகவே இருக்கின்றன: படமும் சைகையும் பேச்சைத் தடுப்பதில்லை, பல குழந்தைகளிடம் அதனுடன் சேர்ந்து சொற்களும் வருகின்றன. எல்லாக் குழந்தைகளுக்கும் வரும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. வராவிட்டாலும், கேட்கத் தெரிந்த குழந்தையும் கேட்கத் தெரியாத குழந்தையும் ஒன்றல்ல.

தாயின் கவனத்திற்கு ஓர் அட்டை செய்தோம். அம்மாவின் படமே அது. அவன் அதைக் கொண்டு வந்து கொடுத்தால், தாய் தட்டை இறக்கிவிட்டு அவன் உள்ளங்கையைத் தன் கன்னத்தில் சற்று நேரம் வைத்துக்கொள்வார். அது அவனுக்கு மிகவும் பிடிக்கும். தொடக்கத்தில் அட்டை ஓயாமல் வந்தது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவருக்கு இது எத்தனை பெரிய இழப்பு என்பதை எழுதித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் “குழந்தை எப்போது கேட்டாலும் உடனே கொடுங்கள்” என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வது சுலபம். தாயும் நானும் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தோம்: பாட்டி குளித்துச் சமைத்து முடித்துப் பேரனுடன் இருக்கும் நேரத்தில் மட்டும் தட்டை எடுப்பது, அவன் அட்டை தரும் பயிற்சிக்கென்று காலையில் ஒரு பொழுதைத் தட்டு இல்லாமல் ஒதுக்கிவிடுவது. அட்டை அடிக்கடி வருகிறது என்பதற்காக அதை உயரத்தில் ஒளித்து வைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வாயைப் பொத்துவதற்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

காத்திருப்பதைக் கற்றுக்கொடுப்பது அதற்கு அடுத்த கட்டம். கேட்டது நிச்சயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை ஊன்றிய பிறகு, அட்டையை வாங்கிக்கொண்டு, விரித்த கையைக் காட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுக் கொடுக்க வேண்டும். எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். குழந்தை பொறுமை இழக்கும் நேரத்துக்கு முன்னதாகக் கொடுத்துவிடுவது இதில் முக்கியம். அழத் தொடங்கிய பிறகு கொடுத்தால் காத்திருப்பதற்குப் பதிலாக அழுகையைக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

மாலை நேரக் கடிக்கு “போதும்” அட்டை. இதைச் சொன்னதும் வீட்டார் தயங்கினார்கள். போதும் என்று சொல்லக் கற்றுக்கொண்டால் எல்லாவற்றுக்கும் போதும் என்று சொல்லிவிட மாட்டானா என்பது அவர்கள் கேள்வி. முதலில் சொல்வான், அப்போது உண்மையிலேயே நிறுத்திவிட வேண்டும். சொன்னால் நிற்கும் என்பது தெரிந்த பிறகுதான், “இந்த ஒரு கோடு, பிறகு போதும்” என்று சிறிதளவு வேலையை முன்னால் வைக்க முடியும். பிறகு இரண்டு கோடு. கூடவே, கேட்டுப் பார்க்க வேண்டிய இன்னொரு கேள்வியும் உண்டு: பென்சிலைப் பிடிக்கவே விரல் வலுவில்லாத பையனுக்கு அ, ஆ எழுதும் பாடத்தை யார் வைத்தது? அந்தப் பாடத்தை எடுத்துவிட்டு, புளியங்கொட்டையைப் புட்டியில் போடுவது, ஈர மணலில் விரலால் கோடு இழுப்பது என்று மாற்றியதும் “போதும்” அட்டைக்கு வேலை குறைந்தது. குழந்தை மறுப்பதெல்லாம் திருத்த வேண்டிய நடத்தை என்று எடுத்துக்கொண்டால், நம் பாடத்திலிருக்கும் கோளாறு நம் கண்ணில் படவே படாது.

இனிக் கைப்பேசி விவகாரம். சாப்பிடும்போது கைப்பேசி வேண்டும் என்று அழுது, கொடுத்தால் சாப்பிடும் பழக்கம் நான் போகும் வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் உண்டு. அழுகைக்குக் கொடுப்பதை நிறுத்தினால், அழுகை அன்றே குறையாது; முதலில் கூடும். இதுவரை பலன் தந்த வழி திடீரென்று பலன் தராதபோது, அதையே இன்னும் உரக்க, இன்னும் நீளமாகச் செய்து பார்ப்பது மனித இயல்பு. ரிமோட் வேலை செய்யாவிட்டால் நாம் பொத்தானை இன்னும் அழுத்தி அமுக்குவதில்லையா? அந்த உச்சத்தில் தாத்தா மனம் பொறுக்காமல் கைப்பேசியைக் கொடுத்துவிட்டால், இவ்வளவு உரக்க அழுதால்தான் கிடைக்கும் என்பது அன்றைய பாடமாகிவிடும். ஆகவே வீட்டிலுள்ள அனைவரும் ஒப்புக்கொள்ளாத வரையில் இதைத் தொடங்கவே வேண்டாம் என்று சொல்கிறேன். கோயில் கொடை, உறவினர் வருகை, தேர்வுக்காலம் ஆகியவை தொடங்குவதற்கு ஏற்ற காலமல்ல. கூடவே, அமைதியாக இருக்கும்போது சிறிது நேரம் கைப்பேசி கிடைக்கும் வேறொரு வேளையும் அதைக் கேட்க ஓர் அட்டையும் இருக்க வேண்டும். ஒரு வழியை அடைக்கிறவர் இன்னொரு வழியைத் திறந்து வைக்கக் கடமைப்பட்டவர். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நடத்தைக்கு, கேட்டதைக் கொடுக்காமல் பாராமுகமாக இருக்கும் இந்த முறை வீட்டில் செய்யத்தக்கதே அல்ல. அங்கே கையைத் தடுத்துக் காப்பதும், அனுபவமுள்ள உளவியலாளரை அணுகுவதும் வேண்டும்.

வலுவூட்டி, அதாவது ஒரு செயலை மறுபடியும் செய்யத் தூண்டும்படி அதற்குப் பின் கிடைக்கும் பிடித்த ஒன்று, என்றதும் சாக்லேட்டையும் சிப்ஸையும் நினைப்பவர்கள் அதிகம். குழந்தைக்கு எது பிடிக்கும் என்பதைக் குழந்தையிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்: இரண்டு பொருள்களை முன்னால் வைத்து எதை எடுக்கிறது என்று பார்த்து, அடுத்த இரண்டை வைத்து, இப்படியே போனால் ஒரு வரிசை கிடைத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் குழந்தைக்கு ரிப்பன் முனை காற்றில் ஆடுவதைப் பார்ப்பதைப் போல மகிழ்ச்சி தருவது எதுவுமில்லை. இன்னொரு பையனுக்குக் குக்கர் விசில் சத்தம். வயிறு நிறைந்த பிறகு பிஸ்கட் வலுவூட்டியாகாது, நாள் முழுக்கக் கையில் இருக்கும் பொம்மையும் ஆகாது. கொடுக்க வேண்டியதைச் செயல் முடிந்த நொடியில் கொடுக்க வேண்டும்; அலமாரியைத் திறந்து தேடி எடுத்து வருவதற்குள் குழந்தை வேறு எதையாவது செய்திருக்கும், பரிசு அதற்குப் போய்ச் சேரும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ப்ரீமாக் 1959-இல் விளக்கிய ஒரு விதி இங்கே உதவும்: தானாகவே விரும்பிச் செய்யும் ஒன்றை, விரும்பாத ஒன்றுக்குப் பின்னால் வைத்தால், விரும்பாததும் செய்யப்படும். “முதலில் பல் தேய்ப்பு, பிறகு ஊஞ்சல்” என்று இரண்டு படங்களை அடுத்தடுத்து ஒட்டிய அட்டை ஒன்று போதும். ஆனால் “பிறகு” என்று காட்டியதைக் கொடுக்காமல் ஏய்த்தால், அந்த அட்டை அன்றோடு செத்தது.

தன் வேலையைத் தானே செய்யப் பழக்குவதில்தான் இந்த முறையின் சிறப்பு எவ்விதச் சர்ச்சையுமின்றித் தெரிகிறது. எதை எடுத்துக்கொள்வது என்று தீர்மானிக்க எங்களுக்குச் சென்னையிலேயே உருவான ஒரு கருவி இருக்கிறது: ஜெயச்சந்திரன், விமலா ஆகியோர் விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தில் உருவாக்கிய சென்னை வளர்ச்சித் திட்ட முறை. 18 துறைகளில், துறைக்கு 20 வீதம் 360 திறன்களை எளியதிலிருந்து கடினமானதாக வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. “தெரியாது” என்று சொல்லாமல் “செய்கிறான், இன்னும் செய்யவில்லை” என்ற நோக்கில் குறிப்பதால், பெற்றோர் முகத்தில் தொங்கல் விழாமல் அதை நிரப்ப முடிகிறது. செய்வதற்கு மிக அருகில் இருக்கும் இரண்டு மூன்று திறன்களை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவது நல்லது.

கால்சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். இடுப்புப் பகுதியை இரு கையால் பிடிப்பது, வலக்காலை நுழைப்பது, இடக்காலை நுழைப்பது, முழங்கால்வரை இழுப்பது, எழுந்து நிற்பது, தொடைவரை இழுப்பது, இடுப்புவரை இழுப்பது என்று அதைப் பிரிக்கலாம். கடைசிப் படியிலிருந்து தொடங்கினால் பலன் விரைவில் தெரியும். மற்றதெல்லாம் நாம் செய்துவிட்டு, இடுப்புவரை இழுக்கும் கடைசி இழுவையை மட்டும் குழந்தையிடம் விட்டால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவராக அந்தக் குழந்தையே இருக்கும்; பாராட்டும் வலுவூட்டியும் முடித்த கைக்கு வரும். அது வந்ததும் அதற்கு முந்தைய படி. பொத்தானும் ஜிப்பும் இல்லாத, எலாஸ்டிக் வைத்த, ஓர் அளவு பெரிய கால்சட்டையில் தொடங்குவது உழைப்பைப் பாதியாகக் குறைக்கும்.

இதில் உதவியை எப்படிக் கொடுப்பது என்பதைவிட எப்படி எடுப்பது என்பதுதான் கடினம். கையைப் பிடித்துச் செய்விப்பது, மணிக்கட்டைத் தொடுவது, முழங்கையைத் தட்டுவது, நிழல்போல் கையை அருகில் வைத்திருப்பது என்று தொடுகையைத் தேய்த்துக்கொண்டே போக முடியும். வாய்மொழியை அப்படித் தேய்க்க முடிவதில்லை. “சோப்பு எடு, தேய், தண்ணீர் ஊத்து” என்று படிக்குப் படி சொல்லிக் கை கழுவப் பழக்கிய பிள்ளைகள், சொல்லி முடிக்கும்வரை குழாயடியில் நின்றுகொண்டே இருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் குரலும் அந்த வேலையின் ஒரு படியாகிவிடுகிறது. அதனால் பின்னால் நின்று, பேசாமல், கையால் மட்டும் உதவச் சொல்கிறேன். குழந்தை கையை உருவிக்கொண்டால் விட்டுவிட வேண்டும். இழுத்துப் பிடித்துச் செய்விப்பது உதவியாகாது.

நகரத்து மையங்களுக்குப் போய்வந்த பெற்றோர், வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி இல்லாவிட்டால் பயனில்லையாமே என்று கலங்கிப்போய்க் கேட்பதுண்டு. அந்த எண்ணின் வரலாற்றை அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இவார் லோவாஸ் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 40 மணி நேரம் தீவிரப் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் வழக்கமான அறிவுத்திறன் மதிப்பெண்ணைப் பெற்று, சாதாரணப் பள்ளியின் முதல் வகுப்பைத் தாண்டினார்கள் என்று இருந்தது. உலகெங்கும் பெற்றோரின் நம்பிக்கையை எழுப்பிய ஆய்வு அது. ஆனால் அதில் குழந்தைகள் குலுக்கல் முறையில் குழுக்களாகப் பிரிக்கப்படவில்லை. உரக்க “நோ” என்று அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் பயிற்சியின் பகுதியாக இருந்தன. ஆட்டிசத்துடன் வளர்ந்து பெரியவர்களானவர்கள் இன்று இந்த மரபின்மீது வைக்கும் குற்றச்சாட்டுகள், அடியைப் பற்றியவை மட்டுமல்ல: கண்ணைப் பார்க்கும்படி கட்டாயப்படுத்தியது, கையை ஆட்டுவதைத் தடுத்தது, மற்றவர்கள்போல் தோன்றுவதையே இலக்காக வைத்தது ஆகியவற்றையும் அவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் ஏற்கிறேன். என் திட்டத் தாள்களில் “கண்பார்வைத் தொடர்பு” என்ற இலக்கு கிடையாது. யாரையும் புண்படுத்தாத கையாட்டலும் உடலசைவும் அந்தக் குழந்தையின் உரிமை. வலுவூட்டலையும் படிப்படியான கற்பித்தலையும் வைத்துக்கொண்டு, அடங்கி நடப்பதை இலக்காக்கும் பழக்கத்தை விட்டுவிட முடியும்.

வீட்டில் தாயும் பாட்டியும் செய்வதற்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு, நம் பக்கத்து ஆய்வு ஒன்று நல்ல விடை தருகிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட அந்த ஆய்வில், பட்டம் பெற்ற சிகிச்சையாளர்கள் இல்லாமல், பயிற்சி பெற்ற எளிய சுகாதாரப் பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று, பெற்றோர் குழந்தையுடன் பழகும் விதத்தைச் செம்மைப்படுத்தினார்கள். அது நடத்தைவழி முறையன்று. தொடர்பாடலை மையமாகக் கொண்டது. இருந்தாலும், குழந்தைகள் தாமாகவே முன்வந்து தொடர்பைத் தொடங்குவது கூடியது என்ற அதன் முடிவு, எங்கள் அட்டையும் பாட்டியின் மௌனமும் நோக்கிச் செல்லும் இடத்தையே சுட்டுகிறது.

தனியார் மையத்தில் சேர்ப்பதானால், கற்பிப்பவர் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதையும், குழந்தை அழுதால் என்ன செய்வார்கள் என்பதையும், பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கதவைச் சாத்திக்கொள்ளும் இடமும், இத்தனை மாதத்தில் குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கும் இடமும் வேண்டாம். நோய்போல் குணமாக்க இதில் ஒன்றுமில்லை.

வீட்டில் வந்த திறன் பள்ளிக்குத் தானாக நடந்து வராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் எவர்சில்வர் தம்ளர் படத்தைக் கொடுத்துத் தண்ணீர் கேட்ட ஒரு சிறுமி, பள்ளியில் தாகத்தோடு நாள் முழுக்க இருந்துவிட்டு வந்தாள். அங்கே தண்ணீர் நீல நிறப் பிளாஸ்டிக் குவளையில் இருந்தது. ஆகவே, ஒரு திறன் வந்ததும், வேறு குவளை, வேறு ஆள், வேறு இடம் என்று வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பழக்குகிறோம். சத்துணவு ஆயாவுக்கு அட்டையை வாங்கிக்கொண்டு உடனே தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்கச் சிறிது நேரமே ஆயிற்று. இரண்டாவது நாளே, மற்ற பிள்ளைகளும் அட்டை கொடுத்துத் தண்ணீர் கேட்டு விளையாடத் தொடங்கியதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். அட்டைகளைக் கழுத்தில் மாட்டினால் கயிற்றைக் கடிக்கிறாள் என்பதால், பாவாடை இடுப்பில் ஊக்கு வைத்துக் குத்திவிட்டோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தையும் உள்ளடக்கிய 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிட்டு, பள்ளிகள் இந்தக் குழந்தைகளைப் பாகுபாடின்றிச் சேர்க்கவும் தேவையான ஏற்பாடுகளைச் செய்யவும் கடமைப்பட்டவை என்கிறது. சட்டம் கதவைத் திறக்கிறது. உள்ளே ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு நாங்கள் ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுக்கிறோம். குழந்தை எப்படிக் கேட்கும், எப்படி மறுக்கும், எது பிடிக்கும், எந்தச் சத்தம் தாங்காது, கடிக்கத் தொடங்கினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்பவை அதில் இருக்கும். குறைபாட்டின் பெயரும் மதிப்பெண்களும் கோப்பில் தனியாக இருப்பதால் இந்தத் தாளில் வேண்டியதில்லை. வகுப்பாசிரியர் மாறும் ஒவ்வொரு ஜூன் மாதமும், பழைய தாளைப் படியெடுக்காமல், தாயையும் பழைய ஆசிரியரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதைப் புதிதாக எழுதுகிறோம்; பிடித்தவை என்ற வரியில்தான் ஒவ்வோர் ஆண்டும் மிகுதியான அடித்தல் திருத்தல் விழுகிறது.